பின் சீட்டில் அழகியநம்பி

"கூர்ந்து நோக்கினால், மனித குலத்தின் நாகரிகம் என்பது ஒரு கியரிலிருந்து அடுத்த கியருக்கு அதிராமல் மாறக் கற்றுக்கொண்ட வரலாறே ஆகும்."

ஸ்ரீவராகம் மேலத்தெரு குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், 1998 டிசம்பரில், காரியதரிசி ஸ்ரீகண்டன் இப்படிச் சொன்னபோது பலத்த கைதட்டல். அன்றைக்கு அவருக்கு முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகத் தெரியாது.

வண்டி வாங்கி மூன்று வாரமாகியிருந்தது. கறுப்பு நிறம், நாலு கியர், டேங்கில் இன்னும் பிளாஸ்டிக் உறை. லைசென்ஸும் இருந்தது, இருபது வருஷத்துக்கு முன்னால் மைத்துனன் ஸ்கூட்டரில் எடுத்தது. எடுத்த கையோடு அதை லாமினேட் செய்து பீரோவில் வைத்துவிட்டார். இருந்தாலும் சாலைப் பாதுகாப்பு வாரத்துக்குச் சங்கம் ஊர்வலம் விடுவதென்று முடிவானதும், முதல் வண்டி தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று அவரே அறிவித்தார். ஜனவரி பத்து, ஞாயிறு காலை. வராகர் கோயில் குளத்திலிருந்து கிழக்கேகோட்டை வரை. 'பின்னால் அமர்பவரின் பாதுகாப்பு' என்பதை விளக்கும் பொருட்டு, பின் சீட்டில் தர்மபத்தினி சீதாலக்ஷ்மி ஹெல்மெட்டோடு. 'சாலை நெறிகள் பன்னிரண்டு' என்று ஒரு துண்டுப்பிரசுரமும் அச்சுக்குப் போயிற்று. யாரோ கொடுத்த இங்கிலீஷ் தாளைப் பார்த்து ஒரே இரவில் அவரே தமிழாக்கியது. எழுதியவர் என்று தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்ல மறக்கவில்லை.

சீதாலக்ஷ்மி ஒன்றுதான் கேட்டாள். "ஏன்னா, நான் உட்காரறதுக்குள்ள ஓட்டக் கத்துண்டுடுவேளோல்லியோ?"

"கத்துக்கறதாவது! கை பழகணும், அவ்வளவுதான்."

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆட்டோ கவிழ்ந்து அவள் இடுப்பில் அடிபட்டது. இன்றைக்கும் மழைக்காலத்தில் வலிக்கும். ஒரு குலுக்கல் போதும். இது தெருவுக்குத் தெரியாது, ஸ்ரீகண்டனுக்குத் தெரியும். அவரைத் தூங்கவிடாமல் அடித்தது ஊர்வலம் பாதி என்றால், அந்த இடுப்பு மீதி.

அழகியநம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செக்ரட்டேரியட்டில் ஸ்ரீகண்டனுக்குப் பக்கத்து நாற்காலி. பக்கத்துத் தெருதான் வீடு. பதினோரு வருஷம் தினமும் காலையில் தன் பழைய மோட்டார் சைக்கிளில் ஸ்ரீகண்டனைப் பின்னால் வைத்து ஆபீசுக்குக் கூட்டிப்போய், சாயங்காலம் கூட்டிவந்து விட்டவர். ஓசியில் போகிறவனுக்கு அபிப்பிராயமாவது சொந்தமாக இருக்க வேண்டும் அல்லவா? ஸ்ரீகண்டன் பதினோரு வருஷமும் பின்னாலிருந்து அபிப்பிராயம் சொல்லிக்கொண்டே வந்தார். "ஓய் நம்பி, செகண்டுக்குப் போறச்சே ஒரு குலுக்கல் இருந்தது." "ஓவர்பிரிட்ஜ்ல தேர்டு லேட்டு ஓய்." நம்பி சண்டை போடமாட்டார். மூக்கால் நீளமாக, "ம்ம்ம்ம்" என்பார். சம்மதமா, வெறுப்பா, சளியா என்று கடைசிவரை தெரியவில்லை.

"நான் ஒரு வண்டி வாங்கிக் காட்டறேன். அப்போ நீர் பின்னாடி உட்காரும், கியர்னா என்னன்னு தெரியும்."

"வாங்கும் ஓய். முதல் ஆளா வந்து உட்கார்றேன்."

ஆவணி மாதம் ஒரு பிற்பகல், திறந்த ஃபைலின் மேல் தலை வைத்தபடியே நம்பி போய்விட்டார். தூங்குகிறார் என்று நினைத்து செக்‌ஷனே அரை மணி நேரம் மெதுவாகப் பேசியது. கார்த்திகையில் வண்டி வந்தது.

பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் பூஜை, தேங்காய், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். "வலது காலை வெச்சு ஏறுங்கோன்னா," என்றாள் சீதாலக்ஷ்மி. புது வீட்டுக்கும் அப்படித்தான், புது வண்டிக்கும் அப்படித்தான். ஸ்ரீகண்டன் வலது காலைத் தூக்கிப் போட்டு, கிடைத்த இடத்தில் அழுத்திப் பதித்து, பிள்ளையாரை நினைத்தபடி உட்கார்ந்தார். வலது பக்கத்துக் கவலை அத்தோடு தீர்ந்தது. சிக்கலெல்லாம் இடது பக்கம். இடது கையில் கிளட்ச், இடது காலில் கியர். "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிட்டா போதும் சார்," என்றான் வண்டி விற்றவன்.

பேசிக்கொள்ளவில்லை. கிளட்சை விட்டால் வண்டி முயல்போல் துள்ளும், இல்லாவிட்டால் செத்துப்போகும்.

இதைத் தெரு பார்க்கலாமா? காலையில் ஐந்து மணிக்கு வண்டியைச் சத்தமில்லாமல் முக்கு வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே ஸ்டார்ட் செய்து, சங்குமுகம் பக்கம் ஓட்டிப் போவார். விமான நிலையத்து மதில் ஓரமாக நீளமான ஆளில்லாத ரோடு. ஒரு பக்கம் வெள்ளைச் சுவர். மறுபக்கம் இருட்டு, அதற்கப்பால் கடல் மூச்சுவிடும் சத்தம்.

சங்கக் கூட்டம் முடிந்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, முதல் கியரை விட்டு இரண்டாவதைப் போட்டார். வண்டியின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. யாரோ நகர்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்ட மாதிரி. அதே சமயம் காதுக்குப் பின்னால், தாழ்ந்த குரலில்:

"ம்ம்ம்ம்."

ஸ்ரீகண்டன் வண்டியை நிறுத்தினார். இரண்டு காலையும் தரையில் ஊன்றித் திரும்பிப் பார்த்தார். சீட் காலியாகத்தான் இருந்தது. கடல் மட்டும். மதிலை ஒட்டி ஒரு நாய் நடந்துவந்து, வண்டிக்குப் பின்னால் நின்று, மோந்து பார்த்து, ஓடிப்போயிற்று.

மறுபடி கிளம்பினார். மறுபடி அந்தக் கனம். மறுபடி "ம்ம்ம்ம்". இந்தத் தடவை இன்னொன்றும். வெள்ளைச் சுவரில், அவருக்குச் சற்றுப் பின்னால், மங்கலாக ஒரு சிவப்பு நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அவர் வேகத்துக்கு வேகமாக, மெதுவுக்கு மெதுவாக. நின்றதும் அணைந்தது.

அன்றைக்கு ஆபீசில் பக்கத்து நாற்காலியை அவர் பார்க்கவில்லை.

நம்பிக்கை இல்லாத விஷயங்களில் பயப்படுவது படித்தவர்களுக்கு எளிது. ஸ்ரீகண்டன் யாரிடமும் சொல்லாமல் வண்டியை மணக்காட்டில் நயினாரிடம் கொண்டுபோனார். நயினார் தென்காசிப் பக்கத்து மெக்கானிக், பதினைந்து வருஷமாக இங்கே. ஏறி உட்கார்ந்தான், உதைத்தான், கமலேஸ்வரம் வரை போய்த் திரும்பி வந்தான். முதல், இரண்டு, மூன்று, நாலு. சத்தத்தில் மடிப்பே இல்லை.

"நெய்யா வழுக்குது சார். வண்டியில ஒண்ணுமே இல்ல."

"ஒனக்கு... பின்னாடி ஒண்ணும் தெரியலையா?"

"பின்னாடின்னா?"

"நான் ஓட்டறச்சே பின்னாடி யாரோ பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு."

நயினார் பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் ஒரு சுற்று விட்டுப் பார்த்தான். சிரித்தான். "ஓ, அதுவா. புதுசுல்லா. சவம் பின்னால இருந்து லேசாப் பிடிக்கும் சார். பயப்படாதிய. ஓட்ட ஓட்ட விட்டுரும்."

நயினாருக்கு ஸ்பானரும் சவம், மழையும் சவம், மின்வெட்டும் சவம், முதலாளியும் சவம். அந்தப் பக்கத்துப் பேச்சே அப்படி என்பது ஸ்ரீகண்டனுக்கு நன்றாகத் தெரியும். பகலில், பத்துப் பேர் நடுவில் தெரியும்.

"விடலைன்னா?"

"ஒரு நாள் நல்ல மலையா பாத்து ஏறி எறங்குங்க சார். எந்தச் சவமா இருந்தாலும் அத்தோட விட்டுட்டுப் போயிரும்."

ஜனவரி ஐந்தாம் தேதி லீவு போட்டு, அதிகாலையில் பொன்முடிக்குக் கிளம்பினார். வீட்டில் தணிக்கை வேலை என்று சொல்லியிருந்தார். நம்பியும் அவரும் பதினோரு வருஷமாகப் போகலாம், போகலாம் என்று பேசிப் போகாத இடம் அது. நெடுமங்காடு, விதுரா தாண்டி, கல்லாறு வரும்போது வெயிலே வந்திருந்தது. அதற்குமேல் கொண்டை ஊசி வளைவுகள். நாலாவது வளைவில் பனி இறங்கியது. ஏழாவதில் ரோட்டின் விளிம்பு தெரியவில்லை. ஒன்பதாவதில் வண்டி ஏற மறுத்தது. முதல் கியரில் அலறியது, இரண்டாவதில் செத்தது. கனம் அவ்வளவு இருந்தது. அடுத்த வளைவு கண்ணில் பட்டதும், தோற்றவர்போல் வண்டியைத் திருப்பினார்.

இறங்கும்போதுதான் கண்ணாடியைப் பார்த்தார்.

பின்னால் பனி முழுக்கச் சிவந்திருந்தது. விளக்கு என்று சொல்ல முடியாது. விளக்குக்கு ஒரு புள்ளி இருக்கும். இது பரவிக் கிடந்தது. மனிதர் ஒருவர் சிவப்புச் சால்வை போர்த்தி நெருக்கமாகத் தொடர்ந்து வந்தால் எவ்வளவு அகலம் இருக்குமோ அவ்வளவு. கூடவே ஒரு வாசனை. முதலில் ஏதோ துணி கருகுவது போல. பிறகு, ஆவணியில் தைக்காட்டு மயானத்தில் நின்றபோது சட்டையில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் போகாமல் இருந்ததே, அதைப் போல.

நிறுத்தினார். கால் ஊன்றினார். சிவப்பு அணைந்தது. வெறும் வெள்ளை. எங்கேயோ தண்ணீர் சொட்டியது. கிளம்பினார். சிவந்தது. நிறுத்தினார், அணைந்தது. மூன்று தடவை இப்படி. நாலாவது தடவை நிறுத்த மனம் வரவில்லை. நின்றால் தனியாக இருப்போமே என்று பட்டது. எது அதிக பயம் என்று தெரியாத நிலையில் வாயைத் திறந்தார்.

"நம்பி? நீரா?"

"ம்ம்ம்ம்."

"கோபமா ஓய்?"

வளைவு வந்தது. வேகத்தைக் குறைத்தார். "ம்ம்ம்ம்ம்ம்" என்று நீளமாக, கடைசியில் கீச்சென்று முடிந்தது.

 ஹெல்மெட்டுக்குள் ஸ்ரீகண்டனின் மூச்சே சுடச்சுடத் திரும்பி வந்தது. நாற்பத்தேழு வயசில், ஆளில்லாத மலைரோட்டில், எந்தக் கூட்டத்திலும் சொல்லியிராத ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

"உம்ம கியர் ஒரு தடவைகூடக் குலுங்கினதில்லை ஓய். பதினோரு வருஷத்துல ஒரு தடவைகூட. நான் சும்மா சொன்னேன். எதாவது சொல்லணுமேன்னு சொன்னேன்."

பின்னால் பதிலில்லை. ஏனென்றால் ரோடு சமமாகி வண்டி நின்றுபோயிருந்தது. கல்லாறு வந்துவிட்டது.

ஆற்றோரம் டீக்கடை வைத்திருந்த ரத்னாபாய் போனக்காடு எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். இவர் இறங்குவதற்குள் ஒரு செம்புத் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

"சார், பின்னால பொகையுது பாருங்க!"

ஊற்றினாள். பின் சக்கரத்தின் நடுவில் 'சுர்ர்ர்' என்று சீறி, வெள்ளையாக ஆவி எழுந்து, ஆள் உயரம் நின்று, ஆற்றுப் பக்கம் போயிற்று.

"மேலேர்ந்து எறங்கறது எல்லாம் இப்படித்தான் சார், தண்ணி கேக்கும். தாகம். இன்னொரு செம்பு ஊத்தட்டா?"

ஸ்ரீகண்டன் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் எந்த ரகசியமும் இல்லை. ஆனால் அவர் கை தானாகச் சட்டைக்குள் போய், பூணூலை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றியது. பித்ருக்களுக்குத் தண்ணீர் விடும்போது அப்படித்தான் மாற்றுவது.

"ஊத்தும்மா," என்றார். "மூணு தடவை ஊத்து."

"பூச்சி கடிச்சிருச்சா சார்?" என்றாள் ரத்னாபாய், சட்டைக்குள் இருந்த கையைப் பார்த்து. மூன்று செம்பு ஊற்றினாள்.

நம்பி விட்டுப் போகவில்லை. திரும்பி வருகிற வழி முழுக்கக் கூடவே வந்தார். ஸ்ரீகண்டனும் போகச் சொல்லவில்லை. புதன், வியாழன், வெள்ளி, மூன்று விடியலும் மதில் ஓரம் ஓட்டினார். குலுக்கல் குறையவில்லை. பேச்சு கூடியது. ஆபீசில் யார் யார் இடம் மாறினார்கள், நம்பியின் நாற்காலியில் வந்து உட்கார்ந்த புதுப்பையனுக்கு நோட் எழுதவே தெரியவில்லை என்பதெல்லாம் சொன்னார். "ம்ம்ம்ம்" என்றது. சுவரில் சிவப்பு கூடவே வந்தது. சனிக்கிழமை ராத்திரி படுத்தபோதுதான் நெஞ்சில் கல் விழுந்தது. நாளைக்கு ஊர்வலத்தில் பின் சீட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கும்போது, சீதாலக்ஷ்மியை எங்கே உட்கார வைப்பது?

காலை எட்டு மணி. குளக்கரையில் முப்பத்தோரு வண்டி. பேனர், மைக், மாலை. சங்கத் தலைவர் ஐயப்பன் கொடி காட்டத் தயாராக நின்றார். சீதாலக்ஷ்மி பட்டுப்புடவையும் ஹெல்மெட்டுமாக, மடியில் துண்டுப்பிரசுரக் கட்டோடு ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஒரு கை இடுப்பில் இருந்தது.

ஸ்ரீகண்டன் தலையை லேசாகத் திருப்பி, உதடு அசையாமல் சொன்னார். "கொஞ்சம் நகர்ந்துக்கோ ஓய்."

"யாரை ஓய்ங்கறேள்?"

"ஒண்ணுமில்லை. கெட்டியாப் பிடிச்சுக்கோ."

கொடி அசைந்தது. முதல் கியர். துள்ளல். அவள் "அம்மா" என்றாள். இரண்டாவது. பின்பக்கம் தாழ்ந்தது. "ம்ம்ம்ம்" வந்தது, முன்னெப்போதையும் விடச் சத்தமாக.

"ஏன்னா," என்றாள் காதருகில், "யாரோ முனகறா மாதிரி இல்லே?"

 ஆக, அது ஸ்ரீகண்டனுக்கு மட்டும் கேட்கிற சத்தமல்ல.

"கருகல் வாசனை வேற வரது. நேக்குப் பயமா இருக்கு. எறங்கிடட்டுமா?"

இறங்கச் சொல்ல முடியாது. பின்னால் முப்பது வண்டி. அந்த முப்பது வண்டியும் விநோதமாக நடந்துகொண்டன. திடீர் திடீரென்று நின்றன. ஒன்றின்மேல் ஒன்று முட்டின. "எந்தா சாரே இது!" என்று யாரோ மலையாளத்தில் கத்தினார்கள். யாரோ மட்கார்டை உடைத்துக்கொண்டார்கள். மைக் வைத்த ஆட்டோ 'பாதுகாப்பே பண்பாடு' என்று முழங்கிக்கொண்டே நடைபாதையில் ஏறியது. முன்னால் போகும் வண்டியின் பின்பக்கம் ஏதோ தெரிகிறது, அதைப் பார்த்துத்தான் எல்லாரும் மிரளுகிறார்கள் என்று ஸ்ரீகண்டனுக்குப் புரிந்தது. கண்ணாடியைப் பார்க்கும் தைரியம் இல்லை.

அட்டக்குளங்கரை முக்கில் விசில் ஊதிக் கைகாட்டியது ஒரு டிராஃபிக் போலீஸ்காரி. சட்டையில் ஷிஜா என்று பெயர். இவரை நெருங்காமல் வண்டியின் பின்னால் போய்க் குனிந்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"சாரே," என்றாள், நிமிராமலே. "எப்போ தொட்டு இது இங்ஙனெ?"

"வாங்கின நாள்லேர்ந்து," என்றார் ஸ்ரீகண்டன். குரல் அவருக்கே கேட்கவில்லை. "நீங்களும் பாக்கறேளா?"

"நானோ? ஈ ரோடு முழுவன் பாக்குது." மெதுவாகச் சுற்றிவந்து அவர் வலப்பக்கம் நின்றாள். கீழே பார்த்தாள். "சாரே, ஆ வலது கால் எவிடெயா வச்சிரிக்கணது?"

ஸ்ரீகண்டன் கீழே பார்த்தார். வாங்கிய நாளிலிருந்து முதல்முறையாக. பிள்ளையார் கோயில் வாசலில் மங்களமாகப் பதித்த இடத்திலேயே வலது கால் பதிந்திருந்தது. அதன் அடியில் பிரேக்.

"எடுக்கு," என்றாள் ஷிஜா.

எடுத்தார். பின்னால் சிவப்பு அணைந்தது. முப்பது வண்டியிலிருந்தும் ஒரு பெருமூச்சு.

அங்கிருந்து கிழக்கேகோட்டை முக்கால் கிலோமீட்டர்கூட இல்லை. முதல், இரண்டு, மூன்று. குலுக்கலே இல்லை. கியர் மாறியதே தெரியவில்லை. சீதாலக்ஷ்மியின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. ஸ்ரீகண்டன் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினார். இஞ்சின் சத்தம், காற்று, தூரத்தில் மைக். வேறொன்றும் இல்லை. நாலாவதைப் போடும்போது மெதுவாக, "நம்பி?" என்று கேட்டுப் பார்த்தார்.

"யாரோ எறங்கிண்ட மாதிரி இருக்குன்னா," என்றாள் சீதாலக்ஷ்மி. "நன்னா லேசா இருக்கு."

 அவர் ஹெல்மெட்டின் கண்ணாடி உள்பக்கமாகப் பனித்திருந்தது. கோட்டை வாசலில் நிறுத்தியதும் அவள் நிதானமாக இறங்கி, புடவையைச் சரிசெய்து, மடியிலிருந்த கட்டைப் பிரித்து ஒரு பிரசுரத்தை எடுத்தாள். அதுவரை யாரும் அதைப் படித்திருக்கவில்லை. அவள் படித்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு மற்றவர்களுக்கு விநியோகிக்கத் தொடங்கினாள்.

ஏழாவது நெறி: 'வண்டி ஓடும்போது பிரேக்கின்மேல் கால் வைத்திருக்கலாகாது.'